யார் எழுதிய வரி? திறமூல நிரலும் சொந்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரல் எழுதச் சொல்லித் தருகிறோம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எர்ணாவூர் என்று பல பக்கங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பைத்தானில் வரும் சந்தேகத்தைவிட, "இதை எடுத்துக்கலாமா அக்கா, பிரச்சினை வருமா?" என்ற சந்தேகம்தான் அதிகம் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, நிரல் எழுதிப் பிழைப்பவள். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

ஓப்பன் சோர்ஸ்னா ஓனரே இல்லாத கோட் தானே அக்கா?

இல்லை. ஓப்பன் சோர்ஸ், அதாவது திறமூலம் என்றால், நிரலை எல்லாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் மாற்றவும் எழுதியவர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். வெயில் காலத்தில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் குடிக்கலாம், காசு கேட்க மாட்டார்கள். அதற்காகப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நம் பெயரை எழுதி நம் வாசலில் வைக்க முடியுமா? பானைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவர் மனசு வைத்துதான் நாம் குடிக்கிறோம்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1984-இல் திருத்தியபோது கணினி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்தார்கள். நாவலுக்கு என்ன பாதுகாப்போ அதுவே உங்கள் இருநூறு வரி நிரலுக்கும் உண்டு. எழுதி முடித்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும்.

நம் மொழியில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. செய்தித்தாளில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்றே போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது காப்புரிமை. எழுத்து, படம், பாட்டு, நிரல் இவற்றுக்கு இருப்பது பதிப்புரிமை. 'நீ இப்படி இப்படிப் பயன்படுத்திக்கொள்' என்று சொந்தக்காரர் கொடுக்கும் அனுமதிதான் உரிமம். திறமூலம் என்பது முழுக்க இந்த உரிமத்தின் மேல்தான் நிற்கிறது. பதிப்புரிமை இல்லையென்றால் ஜிபிஎல் என்ற உரிமத்துக்குப் பல்லே கிடையாது.

கிட்ஹப்ல இருக்கு, ஆனா லைசென்ஸ் ஃபைல் இல்ல. எடுக்கலாமா?

கூடாது. கிட்ஹப் என்பது நிரலைப் போட்டு வைக்கும் இணையதளம். அங்கே பார்க்கலாம், படிக்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே ஃபோர்க் போட்டு (நம் கணக்கில் ஒரு நகல் எடுத்து) வைக்கலாம். உங்கள் மென்பொருளில் சேர்த்து வெளியே கொடுக்க அனுமதி இல்லை. அந்தத் திட்டத்தின் பக்கத்தில் எழுதியவருக்கு ஒரு இஷ்யூ (கேள்விப் பதிவு) திறந்து "உரிமம் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் மறந்துபோய்தான் விட்டிருப்பார்கள்.

எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல். எதுக்கு என்ன வித்தியாசம்?

எம்ஐடி: என்ன வேண்டுமானாலும் செய், என் பெயரும் இந்த உரிம வாசகமும் கூடவே இருக்கட்டும். அப்பாச்சி 2.0: அதோடு சேர்த்து, என்னிடம் இதற்குக் காப்புரிமை இருந்தால் அதையும் உனக்கு அனுமதிக்கிறேன். ஜிபிஎல்: வாங்கு, மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூல நிரலையும் (மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவத்தையும்) இதே உரிமையோடு கொடு.

"இலவசமாகக் கொடுத்ததற்கு நிபந்தனை வேறயா, கோர்ட்டில் நிற்குமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நின்றிருக்கிறது. பொம்மை ரயில்களை ஓட்டும் ஒரு திறமூல மென்பொருளை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பெயரை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கில் 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு வாங்காவிட்டாலும் உரிமத்தின் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் பதிப்புரிமை மீறல் என்று சொல்லிவிட்டது.

2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டருக்குள், ஜிபிஎல் உரிமத்தில் வரும் லினக்ஸ் இயங்குதளம் இருப்பதைக் கண்டுபிடித்து ஆட்கள் கேள்வி கேட்டார்கள். கடைசியில் மூல நிரல் வெளியே வந்தது. இன்று ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் அதிலிருந்து முளைத்ததுதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை சென்டர்ல காசு கொடுத்து வாங்கிட்டேன். இப்போ அது என்னோடது தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். வீட்டில் நகையை அடகு வைத்து 8,000 ரூபாய் கொடுத்து நூலக மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தான். மறுநாள் வைவா. "ஒருவாட்டி பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று பென்டிரைவைக் கொடுத்தான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவன் பெயரும் பதிவு எண்ணும் பளிச்சென்று இருந்தன. ரீட்மீ கோப்பு இல்லை, உரிமக் கோப்பு இல்லை. அபராதம் கணக்கிடும் கோப்பைத் திறந்து கீழே போனால், நடுவில் இருந்த குறிப்பு வரிகள் எல்லாம் ஸ்பானிஷ் மொழியில். யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, விடுமுறை நாளுக்கு அபராதம் போடக்கூடாது என்று யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். சென்டர்காரர் தலையை வெட்டிவிட்டு உடம்பை அப்படியே விட்டுவிட்டார். தேடியதில் அரைமணி நேரத்தில் மூல நிரல் கிடைத்தது. ஜிபிஎல் உரிமம்.

இதில் எது தப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிபிஎல் நிரலைக் காசுக்கு விற்பது தப்பில்லை, உரிமமே அதை அனுமதிக்கிறது. எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் அழித்ததுதான் தப்பு. நம் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எழுதியவருக்குத் தனியாகக் கொடுக்கிறது. பதிப்புரிமையை முழுசாக எழுதிக் கொடுத்த பிறகும் அந்த உரிமை அவரிடமே இருக்கும்.

அன்று ராத்திரி அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து பழைய பெயரைத் திரும்பப் போட்டோம், உரிமக் கோப்பைச் சேர்த்தோம். "இந்தத் திறமூல மென்பொருளை எடுத்து, தமிழில் தேடும் வசதியை நான் சேர்த்தேன்" என்று அறிக்கையை மாற்றினான். அந்தத் தேடும் வசதியை விடிய விடிய நிஜமாகவே எழுதினான். தேர்வாளர் அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டாராம். காசு வாங்கியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. இலவசமாக, நேர்மையாக எடுத்திருக்கக்கூடிய ஒன்றை ஒரு ஏழைப் பிள்ளையிடம் திருட்டுப் பொருளாக்கி விற்றிருக்கிறார்கள்.

ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி வீட்டுல எழுதுறது யாருக்குச் சொந்தம்?

17-ஆம் பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதுவதற்கு முதல் சொந்தக்காரர் முதலாளி. வேறுவிதமாக எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. அப்ரன்டிஸ் என்றாலும் இதே கதைதான். வேலைக்குச் சம்பந்தமில்லாமல், உங்கள் நேரத்தில், உங்கள் கணினியில் எழுதியது வேலையின் பகுதியாகாது.

ஆனால் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆஃபர் லெட்டரைப் பார்க்க வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, இரண்டு வண்டி மாறி ஓஎம்ஆர் போய்ச் சேரும் பிள்ளைகள், வேலை கிடைத்த சந்தோஷத்தில் பதினெட்டுப் பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி உள்ளே இருக்கும். அந்த 'அனைத்தும்' என்ற சொல்லில் உங்கள் ராத்திரி வேலையும் சிக்கலாம். சேரும் முன்பே, ஏற்கெனவே நீங்கள் எழுதி வைத்திருக்கும் திட்டங்களைப் பட்டியல் போட்டு மெயிலில் அனுப்புங்கள். திறமூலத்துக்குப் பங்களிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் வாயால் "பரவாயில்லப்பா, செய்" என்றது அவர் வேலை மாறிப் போனால் கூடவே போய்விடும்.

ஆபீஸ் மடிக்கணினியில் மட்டும் எழுதாதீர்கள். வாதாட நேர்ந்தால் முதல் அடி அங்கேதான் விழும்.

ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கிட்டேன். இப்போ அதே கோடை ஓப்பன் சோர்ஸா போடலாமா?

துறைமுகத்தை ஒட்டி வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை நிறைய வருகிறது. கன்டெய்னர் எந்த யார்டில் நிற்கிறது, எத்தனை நாள் ஆச்சு, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) எவ்வளவு ஏறியது என்று பார்க்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள்.

காசு கொடுத்தவருக்குத்தான் சொந்தம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்குத்தான் காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர் முதல் சொந்தக்காரர் ஆகிறார். நிரல் அந்த வரிசையில் இல்லை. நீங்கள் அவரிடம் மாதச் சம்பள ஆள் இல்லையென்றால், எழுதிக் கொடுக்காதவரை உரிமை உங்களிடம்தான்.

எழுதிக் கொடுப்பது என்றால் எப்படி என்பதை 19-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த ஊர், எந்த நாடு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அது கழன்றுவிடும். வாட்ஸப்பில் "ஓகே சார், எல்லாம் உங்களுக்குத்தான்" என்று அனுப்பியதை வைத்து, முறையாக எழுதிக் கையெழுத்திட்ட ஒப்படைப்பு என்று சொல்வது கஷ்டம்.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், அவருடைய கட்டண விகிதம், வாடிக்கையாளர் பெயர் இதெல்லாம் நிரலுக்குள் இருந்தால் அவை அவருடைய தொழில் ரகசியம். அதை எல்லாம் எடுத்துவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அடுத்த வேலையில் முதல் நாளே ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பொதுப் பகுதி என்னுடையது, திறமூலமாகப் போடுவேன். உங்களுக்கென்று செய்த பகுதி உங்களுடையது.

என் கோடை ஒருத்தர் திருடிட்டார்னு எப்படி நிரூபிக்கிறது?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்தைப் படமாக்கி, புள்ளிப் புள்ளியாகத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு நிரல் எழுதி ஜிபிஎல்லில் போட்டிருந்தேன். வரி உயரத்தை இரண்டு புள்ளி குறைவாக வைத்துவிட்டதால் 'ரூ' என்ற எழுத்தின் அடிச்சுழி கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாக வரும். சில மாதம் கழித்துத் திருத்திவிட்டேன்.

ஒரு பொங்கலுக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்தேன். பில்லைக் கையில் வாங்கினால், மொத்தம் என்ற இடத்தில் 'ரூபாய்'. அந்த 'ரூ' அடியில் தட்டை. கடையின் கூட்ட நெரிசலில் அந்தத் துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா "சில்லறை சரியா இல்லையா?" என்று கேட்டார்.

கடைக்காரர்மேல் தப்பில்லை, அவர் மென்பொருளை ஒரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியிருந்தார். அதில் என் பெயர் இல்லை, உரிமம் இல்லை, மூல நிரலும் தரவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். "இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததுதானே" என்று பதில் வந்தது. அப்புறம், நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் வரலாற்றை எடுத்தேன். அந்தப் பிழை எந்தத் தேதியில் நுழைந்தது, எந்தத் தேதியில் திருத்தினேன் என்று இருந்தது. அவர்கள் எடுத்தது அந்த இடைவெளியில் இருந்த நகல் என்பதை மறுக்க முடியவில்லை. ஒரே வேலையைச் செய்யும் நிரலை இரண்டு பேர் தனித்தனியாக எழுதலாம், ஒரே பிழையை ஒரே இடத்தில் அப்படி எழுத மாட்டார்கள்.

பிறகு அவர்கள் கேட்ட ஒரு கேள்வியில் நான் தடுமாறிவிட்டேன்: "முழுவதும் நீங்கள் மட்டுமே எழுதியதா?" எழுத்துருவைப் பிரிக்கும் பகுதியைப் பெரம்பூர் நண்பர் ஒருவர் எழுதி, பென்டிரைவில் கொடுத்திருந்தார். நான் அதை என் பெயரிலேயே கமிட் செய்திருந்தேன், அதாவது கிட்டில் பதிந்திருந்தேன். அவரோ அப்போது கப்பல் வேலைக்குப் போயிருந்தார். அவரைப் பிடித்து, எது அவர் எழுதியது என்று எழுதி வாங்க மூன்று வாரம் ஆனது. என் பக்கம் நான் செய்த தவறு அது. ஒருவரின் உழைப்பை என் பெயரில் பதிந்து வைத்திருந்தேன். இன்று அவர் பெயர் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. நிறுவனமும் உரிமத்தையும் மூல நிரலின் முகவரியையும் சேர்த்தது.

இதே இடத்தில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கருவில் (கெர்னலில்) பல ஆண்டு எழுதிய கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் நிறுவனம் ஜிபிஎல்லை மீறியதாக 2015-இல் ஜெர்மனியில் வழக்குப் போட்டார். 2016-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2019-இல் மேல்முறையீடும் தோற்றது. விஎம்வேர் செய்தது சரியா தப்பா என்ற இடத்துக்கே வழக்கு போகவில்லை. ஆயிரக்கணக்கான பேர் எழுதிய நிரலில் உங்கள் வரிகள் எவை, அவை எங்கே பயன்பட்டன என்பதை நீதிமன்றம் கேட்ட அளவுக்குக் காட்ட முடியவில்லை.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. ஆனால் 48-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். நிரலை வைத்துத் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால் பதிந்து வையுங்கள்.

லினக்ஸையே ஒரு கம்பெனி எங்களோடதுன்னு சொல்லிச்சாமே?

எஸ்சிஓ என்ற நிறுவனம். 2003 மார்ச்சில் ஐபிஎம்மேல் வழக்குப் போட்டது. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் எங்களுடையது, அதிலிருந்து எடுத்து லினக்ஸில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி முதலில் 100 கோடி டாலர் கேட்டது. லினக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பி உரிமக் கட்டணமும் கேட்டது. அந்தப் பயம் பல வருடம் இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு பழைய பத்திரத்தில். யுனிக்ஸ் தொழில் முன்பு நொவெல் நிறுவனத்திடம் இருந்தது, அது விற்ற வழியில்தான் எஸ்சிஓ கைக்கு வந்தது. 1995-இல் நொவெல் விற்றபோது எழுதிய ஒப்பந்தத்தில், விற்பனையில் சேராதவை என்ற பட்டியலில் பதிப்புரிமைகள் இருந்தன. 1996-இல் அதற்கு ஒரு திருத்தம் போட்டார்கள், அதன் வாசகம் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தது. வீட்டை வாங்கிவிட்டோம் என்று நினைத்தவர், மனை யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 2010-இல் ஜூரி, பதிப்புரிமை நொவெலிடமே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. 2011-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. எஸ்சிஓ 2007-லேயே திவால் மனு கொடுத்திருந்தது. ஐபிஎம்முடன் மிச்சமிருந்த வழக்கு 2021-இல்தான் 1.425 கோடி டாலரில் சமரசமானது. பதினெட்டு ஆண்டு!

அந்தச் சண்டையின் நடுவில் 2004-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். லினக்ஸுக்கு நிரல் அனுப்பும் ஒவ்வொருவரும் கடைசியில் 'சைன்டு ஆஃப் பை' என்று தன் பெயரைப் போட வேண்டும். இது நான் எழுதியது, அல்லது கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தம். கிட்டில் கமிட் செய்யும்போது 'எஸ்' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் அந்த வரி தானாக வந்துவிடும். எங்கள் வகுப்பில் முதல் கமிட்டிலிருந்தே இதைப் பழக்குகிறோம்.

ஒரு ப்ராஜெக்ட் சிஎல்ஏ-ல கையெழுத்துக் கேக்குது. போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். சிஎல்ஏ என்பது, ஒரு திட்டத்துக்கு நிரல் எழுதிக் கொடுப்பவர் போடும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். அதில் இரண்டு வகை இருக்கிறது. உரிமை உங்களிடமே இருக்கும், பயன்படுத்த விரிந்த அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள் என்பது ஒன்று. உரிமையையே எழுதிக் கொடுப்பது இன்னொன்று. எதுவானாலும் நிறுவனம் நாளைக்கு உரிமத்தை மாற்ற முடியுமா என்பதைத் தேடிப் பாருங்கள்.

ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் மென்பொருளைத் திறமூலத்திலிருந்து நகர்த்தியது. ரெடிஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் தன் தரவுத்தள மென்பொருளுக்கு அதையே செய்தது. எழுதியவர்கள் கோபப்பட்டு, பழைய உரிமத்தில் இருந்த நகலை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு, வால்கீ என்று தனிக் குடித்தனம் போனார்கள். மறுபக்கம், வீடியோ பார்க்கும் விஎல்சி மென்பொருளைப் பாருங்கள். அங்கே ஒவ்வொருவர் எழுதியதும் அவரவருக்கே சொந்தம். உரிமத்தை ஜிபிஎல்லிலிருந்து, அதைவிடக் கொஞ்சம் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். கஷ்டம்தான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கஷ்டம்தான் பங்களிப்பவருக்குக் காவல்.

வரியெல்லாம் மாத்தி, வேரியபிள் பேரெல்லாம் மாத்தி எழுதினா?

அதுவும் நகல்தான். யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய விதத்துக்கு உண்டு. வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டு, அந்தக் கோப்பை மூடிவிட்டு, உங்கள் மனதிலிருந்து எழுதினால் அது உங்களுடையது. பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பெயரை மாற்றினால் இல்லை. ஆரக்கிளுக்குச் சொந்தமான ஜாவா என்ற நிரல் மொழியின் சுமார் 11,500 அறிவிப்பு வரிகளை (எந்த வேலையை எந்தப் பெயரில் அழைப்பது என்று சொல்பவை) கூகுள் ஆண்ட்ராய்டில் எடுத்ததற்காக இரண்டு நிறுவனங்களும் பத்து ஆண்டு சண்டை போட்டன. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடு என்றது. அந்தப் பத்தாண்டு வக்கீல் செலவு நம்மிடம் இல்லை.

ஏஐ எழுதிக் கொடுத்த கோட் யாருக்குச் சொந்தம்?

கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. இன்றைய கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதிய வரி அது. அமெரிக்காவில் மனிதர் எழுதாததற்குப் பதிப்புரிமை இல்லை என்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை, அந்தக் கருவி யாருடைய ஜிபிஎல் வரியையாவது அப்படியே துப்பிவிடுமோ என்பதுதான். நிரல் எழுதித் தரும் கோபைலட் என்ற ஏஐ கருவிமேல் 2022 நவம்பரில் நிரலர்கள் போட்ட வழக்கும் அந்தக் கவலையில்தான் பிறந்தது. கருவி கொடுத்த நீளமான பகுதி என்றால், கமிட் செய்தியில் அதை எழுதிவிடுங்கள்.

கோர்ட்டுக்குப் போகணும்னா டெல்லி, பெங்களூர்னு அலையணுமா?

பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமைக்காரர் தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு ஒரே பஸ். ஆனால் முதலில் மரியாதையாக ஒரு மெயில், பதில் இல்லையென்றால் ஆதாரத்தோடு ஒரு கடிதம். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பே, முதல்முறை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளில் திருத்திக்கொண்டால் உரிமையைத் திரும்பக் கொடுக்கிறது. பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியா ஒண்ணு அக்கா. ஃபைல்ல என் பேரை எப்படிப் போடணும்?

முதல் வரியில் © அடையாளம், ஆண்டு, உங்கள் பெயர். அடுத்த வரியில் உரிமத்தின் பெயர். கோப்புறையில் உரிமத்தின் முழு வாசகமும் தனிக் கோப்பாக இருக்கட்டும். பெயர் தமிழிலும் இருக்கலாம், இனிஷியல் அம்மாவுடையதாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். கிட்டில் கொடுக்கும் மெயில் கல்லூரியுடையதாக இருக்க வேண்டாம். படிப்பு முடிந்ததும் அந்த மெயிலை மூடிவிடுவார்கள், அப்புறம் "இது நான்தான்" என்று காட்ட அதற்குள் போகவே முடியாது. சொந்த மெயில் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிடுங்கள், வகுப்புக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்.